மதுரை – சென்னை விமானம்: தூரம், நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ரயில், பஸ், விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. கடைக்கு வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து, "எம்புட்டு நேரம் ஆகும்ணே?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பல வருடங்கள் நான் யோசிக்காமல் பதில் சொல்லி வந்தேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சென்னையில் ஒரு மருத்துவமனையில் காலை 11 மணிக்கு இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். "பிளேன் ஒரு மணி நேரம்தான் அய்யா" என்று சொல்லி, எட்டரை மணிக்குக் கிளம்பும் விமானத்தில் போட்டுக் கொடுத்தேன். விமானம் சரியான நேரத்துக்குத்தான் போனது. ஆனால் சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, பெட்டி எடுத்து, கார் பிடித்து, கிண்டி நெரிசலைத் தாண்டி அவர் போய்ச் சேர்ந்தபோது மணி 11:50. மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட்டார். மறுநாள் வரை ஊர் தெரியாத இடத்தில் அறை எடுத்துத் தங்கினார்கள். அன்று சாயங்காலம் அவர் மகள் போன் செய்து, கோபமே இல்லாமல், "ஒரு மணி நேரம்னு சொன்னீங்களேண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் வாசலுக்கு வாசல் கணக்குத்தான் சொல்கிறேன். கடையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் பேசிய மாதிரியே, பதிலோடு எழுதி வைத்திருக்கிறேன்.

மதுரைக்கும் சென்னைக்கும் நிசமாவே எத்தனை கிலோமீட்டர்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?

எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அவரவர் அளக்கும் வழி வேறு.

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 417 கிலோமீட்டர். சாலையில் திருச்சி, விழுப்புரம் வழியாகப் போனால் 460 அளவில் வரும். ரயிலில் மதுரை சந்திப்பிலிருந்து எழும்பூருக்கு 493. தண்டவாளம் திண்டுக்கல்லைத் தொட்டு, திருச்சிக்கு வந்து, அரியலூர், விருத்தாசலம் வழியாக வளைந்து போவதால் ரயில் தூரம்தான் அதிகம்.

விமான தூரத்தையே ஒரு இடத்தில் 416 என்றும் இன்னொரு இடத்தில் 418 என்றும் போட்டிருப்பார்கள். பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் ஒரு விடை. துருவங்களில் கொஞ்சம் தட்டையானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மாறும். ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு அளந்தால் இன்னும் சில கிலோமீட்டர் கூடும். பயணம் போகிறவருக்கு இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகாது.

இந்த நேர்கோட்டுத் தூரத்தை நாமளே கணக்குப் போட முடியுமா?

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்பாவோடு வந்து கேட்ட கேள்வி. தாராளமாக முடியும். அவனுக்குக் கடை மேசையிலேயே போட்டுக் காட்டினேன்.

மதுரை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 9.834, கிழக்கு தீர்க்கரேகை 78.093. சென்னை விமான நிலையம் 12.990, 80.169. அட்சரேகை வித்தியாசம் 3.156 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்று வைத்தால், மதுரையிலிருந்து வடக்கே 350 கிலோமீட்டர் போக வேண்டும். தீர்க்கரேகை வித்தியாசம் 2.076 பாகை. பூமத்திய ரேகையை விட்டு விலகிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். நம்முடைய அட்சரேகையில் 100-க்கு 98 பங்குதான் நிற்கும். அதனால் 2.076-ஐ 111-ஆலும் 0.98-ஆலும் பெருக்க, கிழக்கே 226 கிலோமீட்டர். இனி பிதாகரஸ். 350-இன் வர்க்கத்தையும் 226-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 417 வந்து நிற்கும்.

தூரம் கூடினால் இந்தச் சுருக்கு வழி போதாது, கோள முக்கோணக் கணக்கு வேண்டும். மதுரையிலிருந்து துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர், சிங்கப்பூர் சுமார் 3,010. அவற்றை அந்த முறையில்தான் போட வேண்டும்.

விமானம் அந்த நேர்கோட்டிலேயே பறக்குமா?

பறக்காது. மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்காக இருக்கிறது. சென்னையோ வடகிழக்கில், வடக்குப் பக்கமாகச் சாய்ந்து இருக்கிறது. ஏறியதும் திரும்பித்தான் ஆக வேண்டும். சென்னையை நெருங்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, முன்னால் எத்தனை விமானங்கள் வரிசையில் இருக்கின்றன என்பதைப் பார்த்து, கட்டுப்பாட்டு அறை சொல்லும் பாதையில் இறங்குவார்கள். சில சமயம் கடலுக்கு மேலே போய்ச் சுற்றி வருவதும் உண்டு. ஆகவே 417 என்பது குறைந்தபட்சத் தூரம். உண்மையில் பறப்பது அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

பறக்கிறது எவ்வளவு நேரம்? டிக்கெட்ல ஒண்ணேகால் மணி நேரம்னு போட்டிருக்கே?

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நேரத்தில் இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று, சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை. மதுரை – சென்னைக்கு இது விமானத்தைப் பொறுத்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். இன்னொன்று, நிறுத்திய இடத்திலிருந்து விமானம் அசையத் தொடங்கியதிலிருந்து, சேர வேண்டிய ஊரில் போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை. டிக்கெட்டில் அச்சடிப்பது இந்த இரண்டாவது நேரம். தரையில் ஊர்ந்து போவது, ஓடுதளத்தில் முறைக்காகக் காத்திருப்பது, இறங்கியபின் சென்னையின் பெரிய வளாகத்தில் நிறுத்துமிடம் வரை போவது எல்லாம் இதில் அடங்கும்.

இதற்கு மேல் விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் சரியான நேரத்தில் வந்த கணக்கு என்பதால், தாமதமில்லாமல் ஓடுகிறோம் என்று காட்ட அது உதவுகிறது. "பத்து நிமிஷம் முன்னாடியே எறக்கிட்டாங்க" என்று சந்தோஷமாகச் சொல்வோர் உண்டு. அந்தப் பத்து நிமிடம் முன்பே சேர்த்து வைத்ததுதான்.

காத்தாடி வச்ச பிளேன்ல போனா லேட்டாகுமா?

சென்னைப் பாதையில் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம் நிறைய ஓடுகிறது. 78 பேர் உட்காரலாம். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும். ஏர்பஸ் ஜெட் என்றால் 800-க்கும் மேல். எண்களைப் பார்த்தால் ஜெட் பாதி நேரத்தில் போய்விட வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் ஜெட் விமானம் அந்த வேகத்தைப் பிடிப்பதே 30,000 அடிக்கு மேலே போன பிறகுதான். மதுரையில் எழும்பி அவ்வளவு உயரம் ஏறுவதற்குள் திருச்சி வந்துவிடும். சற்று நேரம் சமமாகப் பறந்ததுமே சென்னைக்கு இறங்கத் தொடங்க வேண்டும். முழு வேகத்தில் பறக்க இந்த வழி நீளம் போதாது. அதனால் இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிட வித்தியாசம்தான் நிற்கும். ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போகாது, மேகத்தின் குலுக்கல் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. குறைந்த தூரத்துக்கும் அளவான ஓடுதளத்துக்கும் என்றே செய்த விமானம் அது.

ஏடிஆரில் ஏறும் கதவு பின்பக்கம் இருக்கும். முதியவர்களுக்கு இருக்கை போடும்போது பின்வரிசையாகப் போடுங்கள், அதிகம் நடக்க வேண்டாம். தலைக்கு மேலுள்ள சாமான் தட்டு சிறியது. பெரிய கைப்பெட்டி நுழையாது.

சரிண்ணே, வீட்ல இருந்து கெளம்புனா மெட்ராஸ்ல எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

கே.கே. நகரில் வீடு என்று வைத்துக்கொள்வோம். போக வேண்டியது எழும்பூர். வீட்டிலிருந்து வைகையைத் தாண்டி, அவனியாபுரம் வழியாகப் பெருங்குடி விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரம். பெட்டி போடும் கவுண்டரை உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடுகிறார்கள். எனவே ஒன்றரை மணி நேரம் முன்னதாக உள்ளே இருக்க வேண்டும். விமானம் ஒன்றேகால் மணி. சென்னையில் இறங்கி, நடந்து, பெட்டி வர அரை மணி. மெட்ரோவில் எழும்பூருக்கு முக்கால் மணிக்குள். கூட்டினால் நாலே முக்கால் மணி நேரம். இதில் ஆகாயத்தில் இருப்பது ஐந்தில் ஒரு பங்குதான்.

பெட்டி இல்லாமல், கையில் ஒரு பையோடு, செல்போனிலேயே செக்-இன் முடித்துவிட்டுப் போகிறவர் இதில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தலாம். சக்கர நாற்காலி கேட்பவர்கள் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். விமானத்திலிருந்து இறங்கும்போது அவர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள். அந்த உசிலம்பட்டி அய்யாவுக்கு நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

மருத்துவமனை, விசா நேர்காணல், தேர்வு, முகூர்த்தம் என்று மணி குறித்த காரியமாக இருந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். டிக்கெட் விற்கிற நான் அறை வாடகைச் செலவு வைக்கச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். காலை 11 மணி வேலைக்குக் காலை விமானத்தை நம்பிப் போகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அப்படின்னா ரயிலே போதுமே?

பல பேருக்குப் போதும். 1977 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் இன்றைக்கும் ஏழு மணி நேரச் சொச்சத்தில் கொண்டு போய்விடுகிறது. 2019-இல் வந்த தேஜஸ் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத்தில் மதுரையில் ஏறினால் ஆறு மணி நேரத்தை ஒட்டி எழும்பூர். மதுரை சந்திப்பு ஊருக்கு நடுவில் இருக்கிறது, அரை மணி முன்னால் போனால் போதும். வாசலுக்கு வாசல் ஏழு, ஏழேகால் மணி நேரம்.

ஆக விமானத்தில் நீங்கள் மிச்சம் பிடிப்பது இரண்டரை மணி நேரம் அளவில். அந்த இரண்டரை மணிக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டியவருக்குத் தகும். முதுகுவலிக்காரருக்கும் தகும். இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கி விடியற்காலை இறங்குகிறவருக்குப் பகல் முழுவதும் மிச்சம். அவர் விமானத்தில் போய் எதையும் பெரிதாகச் சம்பாதிக்கப் போவதில்லை.

போகிற இடம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் என்றால் விமானத்துக்குக் கூடுதல் மதிப்பெண். திரிசூலம் புறநகர் ரயில் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம் என்றால் ரயில்.

பஸ்ஸைக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது. தென் மாவட்டப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகருக்குள் போகும் நேரத்தைச் சேர்க்க மறக்காதீர்கள்.

பெங்களூரு சென்னையவிடப் பக்கமா, தூரமா?

வானத்தில் பக்கம். மதுரையிலிருந்து பெங்களூரு விமான நிலையம் சுமார் 376 கிலோமீட்டர், சென்னையைவிட 40 கிலோமீட்டர் குறைவு. ஆனால் அந்த விமான நிலையம் நகரத்துக்கு வெளியே வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. மதுரைப் பிள்ளைகள் பாதிப் பேர் வேலை பார்ப்பது தெற்கே எலக்ட்ரானிக் சிட்டி பக்கம். இறங்கியபின் நகரத்தை முழுக்கக் குறுக்கே தாண்ட வேண்டும், நெரிசலில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். மதுரையிலிருந்து ஒசூர் வழியாகப் போகும் இரவு பஸ் அவர்களை வீட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்ற நினைப்பு இங்கே பொய்த்துப் போகிறது. 2024 ஆகஸ்ட் 31 முதல் மதுரை – பெங்களூரு வந்தே பாரத்தும் ஓடுகிறது.

கொழும்பு எவ்வளவு தூரம்?

இந்தப் பதிலைக் கேட்டு ஆச்சரியப்படாதவர்களை நான் பார்த்ததில்லை. மதுரையிலிருந்து கொழும்பு விமான நிலையம் சுமார் 355 கிலோமீட்டர். சென்னையைவிட 60 கிலோமீட்டர் பக்கம்! மதுரையிலிருந்து முதன்முதலில் வெளிநாட்டு விமானம் கிளம்பியது 2012-இல், அதுவும் கொழும்புக்குத்தான். பாண்டிய நாட்டுக்கும் இலங்கைக்கும் இருந்த போக்குவரத்தை வரலாற்றில் படித்திருக்கிறோம். வரைபடத்தில் அளந்து பார்க்கும்போதுதான் அது எவ்வளவு இயல்பான உறவு என்று எனக்குப் புரிந்தது.

பறக்கும் நேரம் ஒரு மணிக்குள். ஆனால் வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், குடியேற்றச் சோதனை இரண்டு பக்கமும் உண்டு. அந்த விமான நிலையமும் கொழும்பு நகருக்குள் இல்லை, வடக்கே கட்டுநாயக்கவில் இருக்கிறது. கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

துபாய்க்கு ரெண்டரை மணி நேரத்துல போயிரலாம்னு டிக்கெட்ல இருக்கே?

இல்லையம்மா. பகல் 12 மணிக்குக் கிளம்பி 2:30-க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால், கிளம்பும் நேரம் நம் கடிகாரப்படி, இறங்கும் நேரம் துபாய்க் கடிகாரப்படி. அவர்கள் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். எனவே உட்கார்ந்திருப்பது நாலு மணி நேரம். திரும்பி வரும்போது அதே பயணம் ஐந்தரை மணி நேரம் மாதிரித் தெரியும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அங்கே இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். விமானத்தில் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள், குழந்தைக்குப் பால் கரைக்க வேண்டியவர்கள் உண்மையான மணி நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் அரபு நாடுகளுக்குப் போவது வருவதைவிடக் கால் மணி நேரம்கூட அதிகமாகும். அந்த மாதங்களில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகக் காற்று ஓடுகிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. சென்னைக்குப் போகும் சிறு பயணத்தில் இது கண்ணுக்கே தெரியாது.

திருச்சி, தூத்துக்குடிக்கு மதுரையில இருந்து பிளேன் உண்டா?

பயணிகள் விமானம் இல்லை, தேவையும் இல்லை. மதுரையிலிருந்து திருச்சி விமான நிலையமும் தூத்துக்குடி விமான நிலையமும் வானத்தில் ஏறத்தாழ ஒரே தூரம், இரண்டுமே 124 கிலோமீட்டர் அளவில். மதுரை சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பறந்தால் அரை மணி நேரம், அதற்கான முன்னேற்பாடு இரண்டு மணி நேரம். காரில் அதற்குள் போய்விடலாம்.

இந்த மூன்று நிலையங்களும் இப்படி வரிசையாக இருப்பது இடையிலுள்ள ஊர்க்காரர்களுக்கு வசதி. காரைக்குடிக்காரர்களுக்குத் திருச்சியும் மதுரையும் கிட்டத்தட்ட சமம். எந்த விமானம் தோதான நேரத்தில் இருக்கிறதோ அதைப் பிடிக்கலாம். கோவில்பட்டிக்காரர்களுக்கு வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம் பக்கம். அங்கே 2025 ஜூலையில் புது முனையம் திறந்து, ஓடுதளத்தையும் நீட்டியிருக்கிறார்கள். தேனி, ராஜபாளையம், சிவகாசிக்கு மதுரைதான்.

தூரம் கம்மிதானே, டிக்கெட் ஏன் கம்மியா இல்ல?

விமானம் அதிகமாக எரிபொருள் குடிப்பது மேலே ஏறும்போது. விமான நிலையக் கட்டணமும் பாதுகாப்புக் கட்டணமும் தூரத்தைப் பார்த்து வசூலிப்பதில்லை. எனவே குறைந்த தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் விலை கூடத்தான் செய்யும். இதற்கு மேல் இருக்கை நிரம்ப நிரம்ப ஏறும் விலை. தீபாவளி, பொங்கல் வாரங்களில் சென்னை டிக்கெட் டெல்லி டிக்கெட் விலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். டெல்லி 2,085 கிலோமீட்டர்.

பறக்குற நேரத்த வச்சு நஷ்டஈடு உண்டாமே?

உண்டு. நிறையப் பேருக்குத் தெரியாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிப்படி, உரிய முன்னறிவிப்பு இல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதோடு நஷ்டஈடும் தர வேண்டும். அட்டவணைப் பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், ஒரு மணிக்கு மேல் இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். புயல், வெள்ளம் போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது.

இங்கே கணக்கில் எடுப்பது டிக்கெட்டில் அச்சடித்த நேரத்தைத்தான். சென்னைப் பயணத்துக்கு ஒன்றேகால் மணி என்று போட்டிருப்பதால் 7,500 வரிசையில் வருகிறது. ஆகாயத்தில் இருந்தது ஐம்பது நிமிடம்தானே என்று யாராவது கவுண்டரில் சொன்னால் டிக்கெட்டைக் காட்டுங்கள். இரண்டரை மணி வரையிலான பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், விமான நிலையத்தில் காத்திருப்பவர்களுக்குச் சிற்றுண்டி தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். தயங்காமல் கேளுங்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் முன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் கூச்சப்பட்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். அது அவர்களுடைய உரிமை.

எந்த விமானம் லேட்டாகும்னு முன்னாடியே தெரியுமா?

ஓரளவு தெரியும். சென்னையிலிருந்து வந்த அதே விமானம்தான் அரை மணி நேரத்தில் உங்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. அது அங்கே கிளம்பிவிட்டதா என்று செல்போனில் பாருங்கள். அது கிளம்பாமல் உங்கள் விமானம் நேரத்துக்குக் கிளம்ப வழியில்லை. நாள் முழுக்க ஒரே விமானம் அங்கும் இங்கும் ஓடுவதால், காலையில் விழுந்த தாமதம் மாலைக்குள் பெருகும். காலை விமானம் நம்பிக்கையானது.

காலையிலும் விலக்கு உண்டு. போகி அன்று விடியற்காலை சென்னையில் புகை மூட்டம் கட்டிவிடும், அன்று முதல் விமானத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். அந்த மாதங்களில் ரயில் டிக்கெட் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

நம்ம ஊருக்குள்ள டிராபிக்னால பிளேனை விட்டவங்க உண்டா?

உண்டு. சித்திரைத் திருவிழாவில், குறிப்பாக அழகர் ஆற்றில் இறங்கும் நாளில். தல்லாகுளம், கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் முழுக்க ஜனக்கடல், பாலங்களில் வண்டி விட மாட்டார்கள். வடகரையில் வீடு என்றால் அன்று நகருக்குள் நுழையவே நுழையாதீர்கள். சுற்றுச்சாலையைப் பிடித்து மண்டேலா நகர் வழியாகப் போங்கள், வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக. 2024 அக்டோபர் முதல் மதுரை விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. முதல் விமானத்துக்கு ஊர் உறங்கும்போதே கிளம்பிப் போய் உள்ளே உட்கார்ந்திருக்கலாம்.

மல்லிகைப் பூ கொண்டு போனா வாடாம போய்ச் சேருமா?

சென்னையில் மகள் வீட்டுச் சீமந்தத்துக்குப் போகிற அக்கா கேட்டது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பு தடித்து, மொட்டு மெதுவாக விரியும். அதுதான் அதன் பெருமை. பொழுது விடியும் முன் பறித்த மொட்டு சாயங்காலம்தான் மலரும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலை ஆறு மணிக்கு வாங்கி, தொடுக்காமல் உதிரியாக வாழையிலையில் கட்டி, மேலே ஈரத்துணி சுற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டாம், மற்ற சாமான்களின் எடையில் நசுங்கிவிடும். பத்து மணி விமானம் என்றால் பிற்பகலுக்குள் மொட்டாகவே மகள் கையில் இருக்கும். வாசலுக்கு வாசல் ஐந்து மணி நேரத்தைப் பூ தாங்கும். மாலை விமானம் என்றால் வழியிலேயே மலர்ந்துவிடும், சென்னையில் சூட்டும்போது வாசனை பாதி போயிருக்கும்.

எந்தப் பக்கம் உக்காந்தா நம்ம ஊர் தெரியும்?

சென்னை போகும்போது இடது பக்க ஜன்னல் கேளுங்கள். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. கிழக்கு நோக்கி எழும்பினால் இடது கைப்பக்கம் திருப்பரங்குன்றம் மலை, கோபுரங்கள், வைகை எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். காலை வெயிலும் வலப்பக்கம்தான் அடிக்கும். மேற்கு நோக்கி எழும்பினால் மட்டும் ஊர் முதலில் வலப்பக்கம் தெரியும். ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. மழை பெய்த கார்த்திகை மாதக் காலையாக இருந்தால், மேலூர் தாண்டும் வரை கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னிக்கொண்டே வரும்.